டாலர் குறியைத் தட்டாதீர்கள்

செம்பனை மில்லிலிருந்து கிராணி புனிதமலர்
காலை ஏழே முக்காலுக்கு அழைத்தார்:
"நீ எழுதினபடியே டாலர் தட்டினேன்மா.
அப்படி ஒரு கட்டளையே இல்லைங்குது.
ரிங்கிட் தட்டிப் பார்க்கவா?"

சிரித்துவிட்டேன்.
ஃபோனை வைத்த பிறகு காது சுட்டது.
அந்த டாலர் என் திரையின் வாசற்படி.
வரியைப் பிரதி எடுத்தபோது
படியையும் பெயர்த்துக் கொடுத்திருக்கிறேன்,
வேறு படி வைத்த வீட்டுக்கு.

எடைமேடை மென்பொருள், நிறுவல் கையேடு,
பதினெட்டுப் பக்கம்.
எழுதியது பஹாவ் கடைத்தெருவில்
அடகுக்கடைக்கு மேல்மாடியில்.
குலை ஏற்றிய லாரி திரும்பும்போதெல்லாம்
சன்னல் கண்ணாடி அதிரும், நானும் சேமிப்பேன்.

எடைமேடைக் கொட்டகையில் விண்டோஸ்.
ஆய்வுக்கூடத்தில் பக்ரியிடம் லினக்ஸ்.
மேலாளர் மடியில் மெலிந்த மேக்.
மூன்றுக்கும் ஒரே வரி போதும் என்று எழுதினேன்.
என் மேசையில் ஓடியது.
என் மேசையில் எதுதான் ஓடவில்லை?

மோட்டார் சைக்கிளில் போனேன்.
வழியில் துணைமின் நிலைய வேலியில்
அபாயம் என்று நாலு மொழியில் பலகை,
அடியில் எல்லாருக்கும் பொதுவாய் ஒரு மண்டை ஓடு.
என் கட்டளைக்கு மண்டை ஓடு கிடையாது.

கொட்டகையில் உட்கார்ந்து
ஒவ்வொரு வரியாய்த் தட்டினோம்.
பாதை எழுதும் கோடு
இங்கே இடப்பக்கம் சாய்கிறது, அங்கே வலப்பக்கம்,
ஒரே காற்றில் நின்றும்.
அழகுக்காக நான் வளையவிட்ட மேற்கோள் குறி
முனையத்தின் கண்ணுக்கு வெறும் கறை.
வரி இன்னும் முடியவில்லை, பொறு என்று சொல்ல
ஒருவருக்குச் சாய்கோடு,
இன்னொருவருக்குத் தொப்பிக்குறி.

ஃபைண்ட் என்றால்
லினக்ஸ் எழுந்து அறை அறையாய்க் கோப்பைத் தேடுகிறது.
விண்டோஸ் எழுவதே இல்லை;
கொடுத்த கோப்புக்குள் சொல்லைத் தேடுகிறது.
சொல் ஒன்றுதான்.
சென்னையிலிருந்து வந்த ஸ்ரீவத்சனிடம் ஒரு காலையில்
"பசியாறிட்டீங்களா?" என்றார் புனிதமலர்.
எந்தப் பசியை என்று அவர் யோசித்து முடிப்பதற்குள்
தோசை ஆறிவிட்டது.

மூன்றிலும் பைத்தான் உண்டு, பிழைத்தோம் என்றேன்.
ஒன்றில் அதன் பெயர் பைத்தான்.
மற்றதில் பைத்தான் மூன்று.
வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன.
குலைக்கு இயங்குதளம் தெரியாது,
வெயிலில் பழுப்பது மட்டும் தெரியும்.

டாலரை எல்லாப் பக்கத்திலும் அழித்தேன்.
நீண்ட வரிகளை ஒடித்துக் குட்டை ஆக்கினேன்.
ஒரே வரி என்ற பெருமையை விட்டு
மூன்று பத்தி வைத்தேன், மூன்று தலைப்போடு.
கையேடு இருபத்தேழு பக்கம் ஆனது.
மூன்றரை மணிக்கு
பதினாலாயிரத்து முந்நூற்று இருபது கிலோ
மூன்று திரையிலும் ஒரே எண்ணாய் வந்தது.
யாரும் கை தட்டவில்லை. லாரி நகர்ந்தது.

முதல் பக்கத்தில் இப்போது ஒரு கேள்வி மட்டும்:
உங்கள் முன் இருப்பது எந்தக் கணினி?

நேற்று புனிதமலர் மறுபடி அழைத்தார்.
கொட்டகைக்குப் புதுசு வாங்கிவிட்டார்களாம்.
என்ன கணினி அக்கா என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"வெள்ளை."