எட்டாவது கிண்ணம்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறார்கள்.
எறும்பின் கால் எவ்வளவு தேய்ந்தது என்று
ஒருவரும் எடைபோட்டுப் பார்த்ததில்லை.
நான் பார்ப்பேன். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

லியூப்லியானாவில் ஒரு நிலவறைக் கூடம்.
ஆறு இடுப்பு மூட்டுகள் நடந்துகொண்டிருக்கின்றன.
ஆள் இல்லை, கால் இல்லை.
கோபால்ட் உருண்டை, பாலிஎத்திலீன் கிண்ணம்,
நடுவில் மசகுக்குக் கன்றுக்குட்டியின் சீரம்.
நொடிக்கு ஓர் அடி.
பத்து லட்சம் அடி ஓர் ஆண்டு என்று கணக்கு.
பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை
எங்கள் இயந்திரத்துக்கு ஒரு வயது கூடும்.

ஏழாவது கிண்ணம் நடப்பதில்லை.
அதே சீரம், அதே வெம்மை, அதே பாரம்.
சும்மா ஊறிக் கிடக்கும்.
நடந்தவை இழந்ததைச் சரியாக அறிய
கிடந்தது குடித்ததைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.
இந்தச் சமன்பாட்டைப் பலகையில் எழுதிய அன்று
விவாகரத்து வழக்குக்கு விடுப்பு கேட்க வந்த யெர்னெய்
வெகுநேரம் சிரித்தான்.
நான் ஏன் என்று கேட்கவில்லை.

எட்டாவது, மார்ச்சில் வந்தது. தபாலில்.
இறந்த பெண்ணொருத்தியின் உடலிலிருந்து
ஒப்புதலோடு எடுத்தது.
படிவத்தில் பெயரை அடித்திருந்தார்கள்.
தொழிலை அடிக்க மறந்துவிட்டார்கள்:
தபால் பட்டுவாடா, ட்ரென்டா பள்ளத்தாக்கு.
பதினேழு ஆண்டு அவளுக்குள் இருந்த கிண்ணம்.

எங்கள் கணக்குப்படி ஒன்றேகால் மில்லிமீட்டர்
தேய்ந்திருக்க வேண்டும்.
இரண்டரை தேய்ந்திருந்தது.
நுண்ணோக்கியில் கீறல்கள்
ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுந்து
கோழி கிளறிய மண் போல.

விலகல் புள்ளி, என்றான் யெர்னெய்.
வரைபடத்திலிருந்து எடுத்துவிடு.

எடுக்கத்தான் போனேன். கை நின்றது.
இந்தப் பிளாஸ்டிக்கை ஒரே திசையில் தேய்த்தால்
மூலக்கூறுகள் சீவிய தலைமுடியாய்ப் படிந்து
இறுகிப்போகும், எளிதில் தேயாது.
குறுக்கே திரும்பும்போதுதான் பிய்யும்.
நேராகவே போகிறவர்களுக்குச் சேதாரம் குறைவு.
எங்கள் ஆறும் ஏறக்குறைய நேராகவே போகின்றன,
யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லாமல்.

ஏப்ரலில் ட்ரென்டாவுக்குப் போனேன்.
இப்போதைய தபால்காரர் காஷ்பெர்
மஞ்சள் வண்டியில் இடம் கொடுத்தார்.
இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள்.
இறங்கு, திரும்பு, குனி, திரும்பு, ஏறு.
நான் குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.
அவளைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது விதி.
கேட்கவில்லை.
ஓரிடத்தில் மட்டும் அவராகச் சொன்னார்:
"இந்த வீட்டில் பெட்டி வேலிக்கு உள்பக்கம்.
நாய் வேறு. எட்டித்தான் போடணும்."
இறங்கி நானும் எட்டிப் பார்த்தேன்.
வலது குதிகால் ஊன்றி
என் இடுப்பு, யாரும் சொல்லாமலே,
உள்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றியது.

ஒவ்வொரு நிற்றலிலும்
சீரத்தின் மெல்லிய படலம் பிதுங்கி வெளியேறும்.
மறுபடி கிளம்பும் அந்த முதல் அசைவில்
உருண்டையும் கிண்ணமும் நேருக்கு நேர்.
ஓடுவதைவிடக் கிளம்புவதற்கு விசை அதிகம்
என்று பள்ளியிலேயே படித்ததுதான்.
ஒரு நாளைக்கு இருநூறு தடவை கிளம்பியவளை
யார் அளந்தார்கள்?

நிரலை மாற்றினேன்.
நாற்பது அடி. நில். ஏழு நொடி.
முப்பது பாகை உள்பக்கம். திரும்பு. கிளம்பு.

அன்றிரவு காவலர் விங்கோ கதவைத் தட்டினார்.
"மெஷின் கெட்டுப்போச்சா? நின்னு நின்னு ஓடுதே."
கெடவில்லை, பட்டுவாடாவுக்குப் போயிருக்கிறது என்றேன்.
தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.
பாதித் தூக்கத்தில் இருந்தார் என்று நினைக்கிறேன்.

ஐந்து வாரம் கழித்துச் சீரம் வடித்து,
கழுவி, உலர்த்தி, எடைபோட்டோம்.
ஆறும் இளைத்திருந்தன.
இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக.
யெர்னெய் எதுவும் பேசாமல்
எட்டாவது புள்ளியைத் திரும்ப வரைபடத்தில் வைத்தான்.

ஏழாவது கிண்ணம் மட்டும்
எப்போதும்போல்
கொஞ்சம் கனத்திருந்தது.