ஒரு வாய்

எடை இயந்திரம் பதினொன்று புள்ளி இரண்டு என்கிறது.
போன மாதமும் அதையேதான் சொன்னது.
யெரேமிக்கு மூன்று வயது.
இருபத்தேழாம் வாரத்திலேயே பிறந்தவன்.
அவன் வாய்க்குள் முதலில் போனது
முலையல்ல, குழாய்.
மூச்சுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று,
கன்னத்துப் பிளாஸ்திரியைப் பிய்க்கும்போதெல்லாம்
சத்தம் வராத ஓர் அலறல்.
வாய் என்றால் வலி நுழையும் வாசல் என்று
யாரும் சொல்லாமலே படித்துக்கொண்டான்.

போஸ்னான் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
லுட்மிலா ஒரு டப்பாவைத் திறக்கிறாள்.
முள் முள்ளாய் ரப்பர் வைத்த தூரிகை,
கடித்தால் நசுங்கி மீளும் பச்சைக் குழல்,
குழியே இல்லாத தட்டைக் கரண்டி.
அடியில், பொத்தானை அமுக்கினால்
கைக்குள் சிக்கிய வண்டுபோல அதிரும் நீலக் கரண்டி.
"சாப்பாடு வேண்டாம்.
சாப்பாட்டைப் பற்றிய பேச்சும் வேண்டாம்.
முழங்கையிலிருந்து தொடங்குங்கள்."

போக்னா டிராம் ஓட்டுகிறவள்.
நாலேகாலுக்குப் பனியைத் துடைத்துவிட்டுக் கிளம்பி
இருநூறு பேரை வேளைக்குக் கொண்டு சேர்ப்பவள்.
ஒரு கரண்டியை
மேசையிலிருந்து மூன்று சாண் தூரம்
அவளால் கொண்டு சேர்க்க முடியவில்லை.

முழங்கைக்கு ஒன்பது நாள்.
தோளுக்கு ஆறு.
காது மடலில் வைத்தபோது சிரித்தான்.
கன்னத்துக்கு வந்ததும் கரண்டி பறந்து
குளிர்பெட்டிக்குப் பின்னால் விழுந்தது.
"பசித்தால் தானே தின்பான்" என்றார்
மாடிப்படியில் நின்ற வாண்டாவின் கணவர்.
பசிக்கத்தான் செய்கிறது, ஐயா.
பசியைவிடப் பயம் மூத்தது இந்த வீட்டில்.

ஒருநாள் பணிமனையில், தேநீர் இடைவேளையில்,
யாரும் பார்க்காதபோது
அந்த நீலக் கரண்டியைத் தன் உதட்டில் வைத்தாள்.
ஈறு கூசியது. மூக்கு அரித்தது.
கண்ணில் தண்ணீர் முட்டியது.
சட்டென எடுத்துவிட்டாள்.
அவளுக்கு முப்பத்தாறு வயது.
எதிரே யாரும் உட்கார்ந்து
"ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சவுமில்லை.

அன்றிரவு அவள் தட்டில் பீட்ரூட் சூப்.
அவன் தட்டில் ஒன்றுமில்லை,
அப்படித்தான் சட்டம்.
விளையாடிக்கொண்டிருந்த கரண்டி நின்றுபோனது.
பொத்தானை அமுக்கினான். உலுக்கினான்.
அவள் தட்டின் விளிம்பில் இரண்டு முறை தட்டினான்.
சிவப்புத் தெறித்தது மேசை விரிப்பில்.
பேட்டரி தேடி அவள் எழப் போனபோது
பின்னால் கேட்டது:
ம்ம்ம்ம்ம்.

இயந்திரம் செய்ய மறந்ததை
அவனே செய்துகொண்டிருந்தான்.
உதடு ஒட்டாமல் அந்த ஒலி பிறக்காது.
மூன்று வருடமாய்த் தாழ்ப்பாளாக மட்டுமே
மூடத் தெரிந்த உதடுகள்
கரண்டியை உள்ளே வைத்துக்கொண்டு மூடியிருந்தன.

அவள் கைதட்டவில்லை.
கைதட்டக் கூடாது என்பது லுட்மிலாவின் இரண்டாவது விதி.
நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்,
பிரேக் பிடித்த கைக்கு
விடுவது எப்படி என்று மறந்ததுபோல.

பிறகு குறிப்பேட்டில் எழுதினாள்:
வியாழன், ஏழு ஐம்பது. பீட்ரூட். ஒரு துளி.
முகம் சுளித்தான். துப்பினான்.
கழுவ எடுத்தேன்,
கரண்டியைத் திரும்பக் கேட்டான்.
பேட்டரி
இன்னும் மாற்றவில்லை.