வீட்டில் எத்தனை பேர்

சாலைக்கு வடக்கே கிராமம்.
தெற்கே கிராமம் இல்லை.
வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது.
மெய்ன் மாநிலத்தின் கிழக்கோரத்தில், எங்கள் கவுண்டியில்,
தெற்குப் பக்கம் முழுக்கக் கோடைக்கு மட்டும் வருகிறவர்களின் வீடுகள்,
கண்ணாடிச் சுவரோடு, கடலைப் பார்த்தபடி.
வடக்கே கடல் தெரியாது.
நீர் வடிந்த சேற்றின் வாடை வரும்,
நண்டு ஆலையின் நீராவி வரும்.
வீட்டுக் கடனுக்கு அரசு ஜாமீன் நிற்பது
வாடை வருகிற பக்கத்துக்கு.

கார்லிஸ் பீல் விரல் வைத்துக் காட்டிய வீடு
கோட்டுக்கு வடக்கே, பதினாறு அடி உள்ளே.
நானே போய் நடந்து அளந்தேன்.
சாம்பல் நிறப் பலகை, இரண்டு படுக்கையறை,
ஒருக்களித்த புகைபோக்கி,
புல்லில் யாரோ விட்டுப்போன சிங்கி இறால் கூண்டுகள்.
விதிமுறையில் ஒரு சொல் உண்டு: எளிய வீடு.
நீச்சல் குளம் கூடாது என்று விளக்கினேன்.
"குளிக்கிற தொட்டியே விரிசல்" என்று சிரித்தாள்.

முன்பணம் வேண்டாம் என்றேன்.
அதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
மதியத்துக்கு மேல் நண்டு உடைத்துச் சதை எடுக்கிறாள்,
பவுண்டுக்கு இவ்வளவு என்று.
நவம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் கதவுகளுக்கு
ஊசியிலை வளையம் கட்டுகிறாள்;
அந்தப் பிசின் அவள் கட்டைவிரலிலிருந்து
என் படிவத்தின் ஓரத்தில் ஒட்டியது.
எல்லாவற்றையும் கூட்டினேன்.
உச்சவரம்புக்கு வெகு கீழே.
என் கூட்டல் எனக்கே பிடித்திருந்தது.

வீட்டில் வேறு பெரியவர்கள்?

"தம்பி. மெரில். பின்னறையில் இருக்கிறான்."

கடனில் அவன் பெயர் இல்லை.
ஆனாலும் ஒரே கூரை என்றால் ஒரே உலை,
விதிக்கு அப்படித்தான் தெரியும்.
மெரில் இந்த வசந்தத்தில் விலாங்குக் குஞ்சு பிடித்தான்,
ஆறு கடலில் சேரும் இடத்தில், நெற்றி விளக்கோடு, இரவெல்லாம்.
கண்ணாடி நூல் மாதிரி இருக்கும்;
கீழே செய்தித்தாள் வைத்தால்
உடம்பு வழியாகவே எழுத்துப் படிக்கலாம்.
எப்போதாவது வாய்க்கிற விலை வாய்த்தது.
அதில் அம்மாவின் ஆஸ்பத்திரிப் பாக்கி தீர்ந்தது,
படகுக்கு எஞ்சின் மாறியது,
கார்லிஸின் பையன் பல்லில் கம்பி ஏறியது.
பணம் போய்விட்டது.
வருமானம் மட்டும் இருக்கிறது, வரித்தாளில், பத்திரமாக,
வரம்புக்கு ஆயிரத்து நூற்றுப் பத்து டாலர் மேலே.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
அதற்கு மேல் பேச எனக்கு அதிகாரம் இல்லை.
அடுத்த வருஷம் வாருங்கள் என்று சொல்லலாம்.
சொன்னேன்.
வீடு அதுவரை யாருக்காகக் காத்திருக்கும் என்று அவள் கேட்கவில்லை.
பேனாவை மூடி வைத்தாள்.
என்னுடைய பேனா.

ஒன்பது நாள் கழித்து வந்தாள்.
மெரிலும் வந்திருந்தான்; உள்ளே வராமல்
டிரக்கிலேயே, எஞ்சினை அணைக்காமல்.
"இரண்டு பேர்" என்றாள். "நானும் பையனும்."
மெரில்?
"படகில் இருக்கிறான்."
எவ்வளவு நாளைக்கு?
அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.
"அது இந்தத் தாளில் இருக்கிற கேள்வியா?"

இந்தத் தாளில் இல்லை.
வேறொரு தாளில் இருக்கிறது, பன்னிரண்டாம் பக்கம், பொடி எழுத்தில்:
தற்காலிகமாக வெளியே இருப்பவரையும் சேர்க்கவும்.
அந்தத் தாள் என் இழுப்பறையில், என் முழங்காலுக்கு நேரே.
நான் காலை நகர்த்தவில்லை.
2 என்று எழுதினேன்.
கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்
நாளைக்கு என்று விட்டுவைத்தேன்.

இரவு உறைபனி.
காலையில், வழியில்லாத வழியாக, படகுத்துறைக்குக் காரை விட்டேன்.
நங்கூரமிட்ட படகுகளில் ஒன்றில் மட்டும்
குழாய் வழியே விறகுப் புகை.
துறை சாலைக்குத் தெற்கே இருக்கிறது.
மெரில் இப்போது கிராமத்தில் இல்லை.
என் காரை அடையாளம் கண்டு
தளத்தில் நின்றபடி கையை உயர்த்தினான்.
கையில் பல் துலக்கும் பிரஷ்.