ஏழரை

சனியின் கணக்கில்லை இது.
பிஸ்டன் உச்சியைத் தொட
இன்னும் ஏழரை டிகிரி இருக்கையிலேயே
பொறி விழுந்துவிட வேண்டும் என்பது
ஃபோக்ஸ்வாகன்காரன் போட்ட கணக்கு.
நெருப்புக்கும் அவகாசம் வேண்டுமே, பரவ.

எவரிஸ்தோ அதைச் சாந்த்தா குரூஸில் வைத்தான்.
சட்டை முதுகில் ஒட்டும் சமவெளி,
மாமர நிழல்,
கப்பியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு.
"இதில் யாரும் கை வைக்கக் கூடாது."
யாரும் என்றால் செனோபியா.

பிரிந்தபோது ஃப்ரிட்ஜ் அவனுக்கு,
பள்ளி விடுமுறையில் மட்டும் மகள் அவனுக்கு.
வண்டி இவளுக்கு வந்தது:
எழுபத்தாறாம் வருஷத்துப் பீட்டில்,
அங்கே அதை ஆமை என்பார்கள்.

நானூறு மீட்டரிலிருந்து நாலாயிரத்துக்கு
ஆமை ஏறியது, இரண்டு பகல் ஓர் இரவு.
எல் ஆல்ட்டோவுக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கெல்லாம் தலைவலி.
வண்டிக்கும்.
மேட்டில் இரண்டாம் கியரிலேயே இருமியது,
பின்னால் கருப்பாய்த் துப்பியது.
மினிபஸ்கள் ஹாரனாலேயே வைதுகொண்டு தாண்டிப் போயின.

கார்புரேட்டர் என்றார்கள் எல்லோரும்.
ஜெட்டை மாற்றினாள். பாதிக் கோபம் தணிந்தது.
மீதி வேறெங்கோ இருந்தது.

ஞாயிறு காலை. வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடிபோல் பனிக்கட்டி.
ஓட்டுநர் இருக்கையில் இரண்டு ஸ்வெட்டரோடு மிலேன்கா.
"சாவியைத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணிடாதே."
"இதோடு அஞ்சு தடவை சொல்லிட்டே."

இருபத்தொன்றாம் நம்பர் ஸ்பேனரில் எஞ்சினைக் கையால் சுற்றினாள்.
ஒரு பல்பு, இரண்டு வயர்:
ஒன்று காயிலில், ஒன்று இரும்பில்.
பாயின்ட் ஒட்டியிருக்கும்வரை பல்பு இருட்டு.
விலகும் கணத்தில் எரியும்.
(இதை வைத்து யாரும் தத்துவம் பேச வேண்டாம்.
குறுக்கு வழி அடைபட்டதும்
மின்சாரம் பல்பைச் சுற்றிக்கொண்டு போகிறது.)

முதலில் அவன் கோட்டைச் சோதித்தாள்.
வெள்ளைக் கோடு எஞ்சினின் நடுப்பிளவுக்கு நேராக வர
பல்பு எரிந்தது.
மயிரிழை பிசகில்லை.
இன்னொரு சுற்று. மறுபடி அதே இடம்.

தப்பாக வைத்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றினாள்.
மெலிந்த காற்றில் நெருப்பு மெதுவாகத்தான் நடக்கும்,
அதைச் சற்று முன்னாலேயே கிளப்பிவிட வேண்டும்.
எவ்வளவு முன்னால்?
நான்கு டிகிரி, ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர்.
அடுப்படிக்குப் போய்
மூன்று கினோவா மணிகளை நகத்தில் வரிசையாக வைத்து அளந்தாள்.
வெள்ளைக்கு வலப்பக்கம், நகப்பாலிஷில்,
சிவப்பாக ஒரு கோடு.

கவ்வியைத் தளர்த்தி
டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழலுக்கு எதிராகத் திருகினாள்.
இருட்டு, இருட்டு,
எரிந்தது.
இறுக்கும்போது கை வழுக்கியதை அவள் பார்க்கவில்லை.

மேட்டில் எஞ்சினுக்குள் யாரோ
தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினார்கள்.
"அம்மா, சத்தம்."
"கேக்குது."
"அப்பா வச்சப்போ இந்தச் சத்தம்..."
"கேக்குதுன்னேன்ல."

ஓரங்கட்டினாள். பின்மூடியைத் திறந்தாள்.
அப்பி விற்கும் தோன்யா பெட்ரோனா
ஊதாக் குவளையோடு வந்து எட்டிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் போனாள். அதற்கு நன்றி.
மறுபடி ஸ்பேனர், பல்பு, சாவி.
இம்முறை ஒரு கையால் பிடித்து, மறுகையால் இறுக்கி,
திரும்ப ஒரு முறை சுற்றிப் பார்த்து.

மூன்றாம் கியர்.
அந்த மேட்டில், முதல் தடவையாக.
வைனா பொத்தோசியின் வெள்ளை முதுகு
கண்ணாடியில் நிறைந்துகொண்டே வந்தது.
ஒரு மினிபஸ்ஸைத் தாண்டினார்கள். மிலேன்கா ஹாரனை அடித்தாள்.
தேவையே இல்லை, இருந்தாலும்.

"லீவுக்கு இதுலயே கீழ போனா?"
"தட்டும். இறங்கினதும் வெள்ளைக்கு மாத்தணும்."
"அப்போ அதைச் சுரண்டலையா?"
"அங்க அதுதான் சரி."

சொன்ன பிறகு நெடுநேரம்
கியர் மாற்ற வேண்டிய இடத்திலும் மாற்றாமல்
ஓட்டிக்கொண்டிருந்தாள்.
சட்டைப் பையில் பல்பு இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.