நாலாம் வளைவு

ஞாயிறு ஆறு மணிக்கு
செக்காலை ரோட்டில், டயர் கடை மாடியில்
ஷட்டர் பாதிதான் ஏறும்.
குனிந்துதான் நுழைய வேண்டும். பல் டாக்டரும் குனிவார்.

உள்ளே பிளைவுட்டில் நாற்பத்திரண்டு அடி ஓட்டப்பாதை,
நாலு பள்ளக்கோடு,
ஒவ்வொன்றின் இருகரையிலும் செம்புப் பின்னல்.
உள்ளங்கையில் அடங்கும் கார்கள்
அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மட்டும் சீறும்.
தொடுப்பு விட்டால் பொம்மை.

செம்பு, வெள்ளைச்சாமியின் இலாகா.
சிக்ரியில் முப்பது வருஷம் அமிலத் தொட்டி பார்த்தவர்,
பின்னலை முகர்ந்தே களிம்பு சொல்வார்.
‘புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிருமே’ என்றார்
பாத்திரக்கடை காதர் மைதீன், ஒரு பேச்சுக்கு.
இரண்டு ஞாயிறு அவரோடு பேசவில்லை வெள்ளைச்சாமி.
மூன்றாம் ஞாயிறு
காதரின் காருக்குத் தானே எண்ணெய் விட்டார்,
அப்போதும் பேசாமல்.

செபஸ்தி மின்வாரியத்தில் லைன்மேன்.
கரண்ட் போனால் எல்லோரும் அவனைத்தான் பார்ப்போம்.
தெய்வானை பாலிடெக்னிக். வளைவுக்கு முன் மூச்சைப் பிடிப்பாள்,
வளைந்ததும் விடுவாள்; அவள் ஓட்டுகையில்
நாங்களும் அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை
டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

பிறகு சோலையப்பன். லாரி புக்கிங் ஆபீஸ்.
பிரேக் பயந்தவனுக்கு என்பது அவர் கட்சி.
மூன்று சுற்றுக்கு ஒருமுறை அவர் கார் பறக்கும்,
ஒருமுறை ஜன்னல் வழியே, டயர் கடைக்காரர் தலைக்கு.
கடைசியாக வருபவர் டீ வாங்க வேண்டும்.
மூன்று வருஷமாக டீக்கடையில்
அவர் பெயர் மட்டும்தான் தெரியும்.

நான் கூட்டுறவு வங்கியில் காசாளர்.
நோட்டு எண்ணும் விரல் என்று
நாலாம் வளைவில் நிறுத்திவிட்டார்கள்.
ஓட்டாத நேரத்தில் ஆளுக்கொரு வளைவு;
தெறித்த காரை எடுத்துப் பள்ளத்தில் வைக்க வேண்டும்.
யார் கார் என்று பார்க்கக் கூடாது.
பார்க்காமல் எப்படி? நாலு நிறம், நாலு முகம்.

பங்குனி கடைசி ஞாயிறு, பருவத்தின் கடைசி ஓட்டம்.
சோலையப்பன் விசைக்கு அடியில் ஒரு தீக்குச்சி செருகியிருந்தார்,
விரல் முழுதும் இறங்காதபடி.
யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்தார்.
அவர் இரண்டாவதாக வந்தாலே
பட்டியலில் கடைசி நான்.

பத்துச் சுற்று மிச்சமிருக்கையில்
அவருடைய மஞ்சள் கார் என் வளைவில் தெறித்தது.
தேடுகிற மாதிரி ஒரு நொடி குனிந்தால் போதும்.
இதை யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.
யோசித்து முடிப்பதற்குள்
விரல் அதை வைத்துவிட்டிருந்தது.

மூன்று சுற்று மிச்சம். கரண்ட் போனது.
எல்லோரும் செபஸ்தியை, அதாவது இருட்டில்
அவன் இருந்த பக்கம், பார்த்தோம்.
‘நானும் இங்கதானய்யா இருக்கேன்’ என்றான்.

நாற்பது நிமிஷம். ஒருவரும் இறங்கிப் போகவில்லை.
கார்கள் நின்ற இடத்தில் நின்றன.
கொசு அடித்தோம். திங்கட்கிழமைச் சந்தையில்
கத்திரிக்காய் விலை பற்றி ஒரு சண்டை.
நடுவில் சோலையப்பன் மெதுவாக,
‘நான் எங்க நிக்கிறேன்?’
வெள்ளைச்சாமி செல்போன் வெளிச்சத்தைப்
பாதை மேல் நகர்த்தி மஞ்சளைக் கண்டுபிடித்தார்.
‘முன்னாடிதான் நிக்கிறிய’ என்றார் காதர் மைதீன்,
அவருக்கு அடுத்து நின்றவர்.

கரண்ட் வந்தது.
இருட்டில் தீக்குச்சி எப்போதோ நழுவியிருக்கிறது;
விசையோ நாற்பது நிமிஷமும் அழுத்தியபடி.
மஞ்சள் கார் முதல் வளைவில் எழும்பி
டாக்டரின் கண்ணாடியில் மோதி விழுந்தது.
தெய்வானை பாய்ந்து வைத்தாள்.
அந்த மூச்சை அவள் எப்போது விட்டாள், தெரியாது.

இரண்டாவது. டாக்டருக்கும் அவருக்கும் அரை அடி.
சோலையப்பன் ஒன்றும் சொல்லாமல்
தரையில் தீக்குச்சியைத் தேடி எடுத்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிளாஸ்க்கோடு இறங்கினேன்.
டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து
‘சோலையப்பன் வரலையா? உடம்புக்கு ஏதும் முடியலையா?’
நல்லாத்தான் இருக்காக என்று சொல்லிவிட்டுச்
சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.