தீர்மானிக்கவில்லை

வெள்ளி மாலை ஐந்துக்குள் தரவேண்டிய தாள்
மூன்று வாரமாய் என் கோட்டுப்பையில்.
நான்காய் மடித்ததில் விழுந்த சிலுவைக்கோடு
சரியாக 'முதன்மைப் பாடம்' என்ற கட்டத்தின்மேல்.

பெயர்: லின்னியா வுவோரெலா.
ஊர்: டுலூத், மினசோட்டா.
இரண்டையும் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.
நான் தேர்ந்தெடுத்தவை அல்ல என்பதாலிருக்கும்.

அறைத்தோழி பிரெண்ணாவுக்கு
ஆறு வயதிலேயே தெரியுமாம் தான் பல் மருத்துவர் என்று.
கரடிப் பொம்மைகளின் வாயைக் கிழித்துப் பார்த்தவள்.
நான் கரடிமேல் தலைவைத்துத் தூங்கினேன்.
அதற்குத் துறை எதுவும் இல்லை.

இரண்டு வருடத்தில் நான் கடித்துவைத்தவை:
ரஷ்ய மொழி, ஆறு வேற்றுமைகளில் நாலாவதுவரை.
களிமண் சக்கரத்தில் எட்டுக் கிண்ணம், நின்றது ஒன்று.
பாறைகள். ஒரு பருவம் முழுக்கப் பாறைகள்.
புள்ளியியல், அதில்தான் ஆகக் குறைந்த மதிப்பெண்.

"எதில் உனக்கு ஆர்வம்?" என்கிறார் ஆலோசகர்.
அடுப்பைப்போல ஓரிடத்தில் எரிவது என்று
நினைத்துக்கொண்டிருக்கிறார் போல.
எனக்கு அது வீட்டுக்குள் புகுந்துவிட்ட வௌவால்.
எந்த அறையில் விளக்கைப் போட்டாலும்
வேறு அறையில் சிறகடிக்கிறது.

துறைமுகத்தில் தாதுக் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் அப்பா
போனில் கேட்டார், "முடிவாச்சா?"
"இல்ல."
"சரி. இன்னிக்கு ஐஸ் கப்பல்வழி வரைக்கும் வந்திடுச்சு."
எங்கள் வீட்டில் அக்கறை
வானிலையாகத்தான் வாய்க்கு வரும்.

வியாழன் இரவு
விடுதி உணவகத்தில் தட்டுக் கழுவும் முறை.
நகரும் பட்டையில் எச்சில் தட்டுகள் வரிசையாய் வர,
ஈரக்கையைத் துடைத்துவிட்டுச் சுவர்க் காலண்டரில் எழுதினேன்:
ரொட்டி, முப்பத்தெட்டு.

பிறகுதான் பார்த்தேன்,
நேற்றும் எழுதியிருக்கிறேன். முந்தாநாளும்.
செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும்
தின்னாமல் திரும்பிய ரொட்டிகளின் எண்ணிக்கை.
பனி கொட்டிய நாளில் குறைகிறது.
பரீட்சை வாரம் இரண்டு மடங்கு.
அக்டோபர் பத்தொன்பதில் ஏன் தொண்ணூறு?
யாரும் கேட்கவில்லை என்னை.
சம்பளத்தில் இதற்கு ஒரு சென்ட் கிடையாது.
அந்தத் தொண்ணூறோ
இன்றைக்கும் முள்ளாய்க் குத்துகிறது.

நான்கு ஐம்பத்திரண்டு.
பதிவாளர் அலுவலகத்தில்
சங்கிலியில் கட்டிப்போட்ட பேனா.
கட்டத்துக்குள் ஊன்றி வெகுநேரம் நின்றதில்
தானாக விழுந்தது ஒரு புள்ளி.
அங்கிருந்தே எழுதத் தொடங்கினேன்.

"நிச்சயமா?" என்றாள் முத்திரையும் கையுமாக
கவுண்டர் பெண்.
"இல்லை" என்றேன்.
அதைக் குறிக்கக் கட்டமில்லாததால்
குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே
களிமண் கூடத்தில் விளக்கு எரிந்தது.
இனி நான் செய்யப்போவதில்லை
ஒன்பதாவது கிண்ணம்.
கொஞ்சநேரம் பனியில் நின்று பார்த்தேன்.
அப்புறம் வேலைக்கு நேரமாகிவிட்டது.

ரொட்டி, நாற்பத்தொன்று.