காலி எடை

எண்ணூர் நெடுஞ்சாலை எடைமேடையில்
லாரிகளை நிறுப்பவள் நான்.
இரவு எட்டு முதல் காலை எட்டு.
கண்ணாடிக் கூண்டு, சக்கரம் போன நாற்காலி,
மூன்று நகல் அடிப்பதற்குள்
ஊரையே எழுப்பும் பிரிண்டர்.
நிலக்கரி, யூரியா, பழைய இரும்பு
எல்லாம் என் ஜன்னலுக்குக் கீழே வந்து
மூச்சடக்கி நிற்கும்.
மொத்த எடையில் காலி எடை போனால்
மிச்சம் சரக்கு.

போன மாதம் தண்டையார்பேட்டை சுகாதார நிலையத்தில்
நர்ஸ் என் இடுப்பைச் சுற்றி டேப்பை இழுத்து
"நூத்தி ரெண்டு" என்றாள்
வரிசையின் வால்வரைக்கும் கேட்கும்படி.
எண்பதுக்குள் இருக்க வேண்டுமாம்.

வாயைக் கட்டு என்கிறார்கள்.
நாத்தனார் சொன்னாள், இறால் விற்கிற பாக்கியம் சொன்னாள்,
ஷேர் ஆட்டோவில் எனக்கென்று ஒன்றரை இடம் ஒதுக்குகிற
அந்தப் பையனும் சொன்னான்.
வாயைக் கட்டலாம்.
ராத்திரியை எந்தக் கயிற்றால் கட்டுவது?
மூன்று மணிக்கு வருவது பசியே இல்லை,
பசியின் சட்டையை மாட்டிக்கொண்டு வரும் தூக்கம்.
அந்நேரத்தில் திறந்திருப்பது ஒரே ஒரு கடை.
அதில் இருப்பது பரோட்டா, பன்,
நாக்கில் ஒட்டும் டீ.

டாக்டர் சின்னப் பெண்.
என்ன சாப்பிடுகிறாய் என்று தொடங்கவில்லை.
"எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?" என்றாள்.
இதுவரை யாரும் கேட்காத கேள்வி.
பகலில், தகரத்துக்குக் கீழே, நாலு மணி நேரம்;
தண்ணி லாரி வந்தால் அதுவும் இல்லை.
"நடப்பீங்களா?"
எங்கே நடக்க?
ரோட்டில் இரண்டு வரிசை கன்டெய்னர்,
கடல் பக்கம் கருங்கல்.
கல்மேல் நடக்க நான் நண்டா, டாக்டர்?
சிரித்தாள். சிரித்தபடியே எழுதினாள்:
ரெண்டாவது பிரசவத்துக்குப் பின் விழுங்கிய மாத்திரைகள்,
அம்மாவுக்கும் சித்திகளுக்கும் இதே இடுப்பு,
தைராய்டுக்கு ரத்தம் எடுக்கணும்.
"இருபத்தி மூணுக்குள்ள இருந்தா நல்லது, உங்களுக்கு முப்பத்தி நாலு.
அதை இப்போ மறந்துடுங்க.
முதல்ல நாலு கிலோ.
அதுக்கே உடம்பு நன்றி சொல்லும்."

நாலு கிலோ.
என் மேடைக்கு நாலு கிலோ தெரியாது.
இருபது இருபதாகத்தான் எண்ணும்.
லாரி டயரில் ஒட்டிய சேறு
அதைவிட அதிகம்.

தஸ்தகீருக்குக் கொக்குக் கால்.
பெல்ட்டில் தானே ஆணியடித்து ஓட்டை போட்டவன்.
துறைமுக கேட்டில் பத்தொன்பது மணி நேரம்
ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான்.
சர்க்கரை என்னைவிட அவனுக்குத்தான் கூடுதல்.
அவனிடம் மட்டும் யாரும்
வாயைக் கட்டச் சொன்னதில்லை.

நேற்று மழை. இரண்டு மணிக்கு மேல் வண்டி இல்லை.
கூண்டை விட்டு இறங்கினேன்.
அறுபது அடி இரும்பு,
கழுவிவிட்ட மாதிரி காலியாக.
பதினோரு வருடமாய் என் எதிரில்தான் கிடக்கிறது.
ஏறினேன்.
80 என்றது சிவப்பு எண்.
எண்பத்து நாலு என்றிருந்தாள் நர்ஸ்.
பரவாயில்லை, நாலை நீயே வைத்துக்கொள் என்று
நடந்தேன்.
அந்தக் கோடி வரை. திரும்பி இந்தக் கோடி வரை.
செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும்.
கால் சூடானது, முதுகு வியர்த்தது, பன் ஞாபகம்
வந்தது, போகவில்லை, ஆனாலும் நடந்தேன்.
80. 80. 80.
ஏழாவது திருப்பத்தில் எண்ணுவதை விட்டேன்.

பின்னால் ஹாரன்.
முன் சக்கரம் மேடையில், தலை ஜன்னலுக்கு வெளியில்,
மழையில் கத்தினான் தஸ்தகீர்:
"இன்னாக்கா, எறங்கு!
உன் வெயிட்டும் சேர்ந்து
என் பில்லுல ஏறுது."